சந்தேகம் இருப்பவர் நேரில் வரலாம்

ஜூலை 3, வியாழன்

இந்த டைரி உரக்கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஆறு மாதமாகக் கடை மேசை ஆடாமலிருக்க அதன் காலுக்கடியில் கிடந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் உறுப்பு தான வேலைகளைப் பார்க்கும் மேடம் நேற்று போனில் விசாரித்தார். "சார், யார்கிட்டயும் பேச முடியலைன்னா எழுதுங்க. பாரம் குறையும்" என்றார். பேச முடியாத ஆளா நான்? திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்க வந்தவன், தொண்டையை வைத்தே சொந்த மண்டி போட்டவன். இருந்தாலும் எழுதிப் பார்ப்போம். செலவில்லாத வைத்தியம்.

நடந்தது இதுதான். என் மகன் யோகேஷ், இருபத்தாறு வயது, வத்தலகுண்டு ரோட்டில் நின்றிருந்த லாரியின் பின்னால் பைக்கோடு மோதிவிட்டான். தலையில் அடி. நாலு நாள் மெஷின்தான் மூச்சு விட்டது. மூளைச்சாவு என்றார்கள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சோதித்துவிட்டுத்தான் சொன்னார்கள். டாக்டர்களிடம் கேட்க வேண்டியதையெல்லாம் நான் கால்மாட்டில் நின்று கேட்டேன். என் மனைவி பஞ்சவர்ணம் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். தானம் செய்ய விருப்பமா என்று மேடம் கேட்டபோது முதலில் தலையாட்டியது அவள்தான். இருவரும் கையெழுத்துப் போட்டோம். இதயம், கல்லீரல், சிறுநீரகங்கள், கண்கள். யாருக்குப் போயின என்று சொல்லமாட்டார்களாம். விதி அப்படி.

கலெக்டர் வந்து மாலை வைத்தார். போலீஸ்காரர்கள் வரிசையாக நின்றார்கள்.

சின்ன வெங்காயம் இன்று வரத்துக் குறைவு என்று என் கடையில் கணக்கெழுதும் ஜமால் பாய் சொல்லியனுப்பினார்.

ஜூலை 4, வெள்ளி

கடையைத் திறந்துவிட்டேன். பதினாறாம் நாள் காரியம் முடியாமல் திறக்கக்கூடாது என்று பஞ்சவர்ணத்தின் அண்ணன் வீரணன் தடுத்தார். துறையூரிலிருந்து வண்டி வந்து நிற்கிறது. வெங்காயத்துக்குப் பதினாறு, முப்பது எல்லாம் தெரியாது. வெயிலில் கிடந்தால் முளைக்கும், மழையில் கிடந்தால் அழுகும்.

எதிர்க்கடை பால்பாண்டி வந்து தோளில் கை போட்டான். "மாப்ள, ஒரு வாரம் வீட்ல இரு. உன் கடையையும் சேத்து நான் பாத்துக்கிறேன்."

"நீ பாத்துக்கிட்டா அப்புறம் எனக்கு எதுடா கடை?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்த பிறகு அவன் ஒரு பக்கம் பார்த்தான், நான் ஒரு பக்கம் பார்த்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

ஜமால் பாய் வீட்டுக்கு வந்தார். நான் மூட்டை தூக்கிய நாளிலிருந்து பழக்கம். "மொதலாளி, ஃபேஸ்புக்ல நம்ம யோகேஷ் வந்திருக்கான்" என்று போனை நீட்டினார். ஒரு செய்திப் பக்கத்தில் அவன் படம். பக்கத்தில் நான், கலெக்டரைக் கும்பிட்டபடி. 'மகனின் உறுப்புகளைத் தானம் செய்த வெங்காய வியாபாரி. உயிர்பெற்ற குடும்பங்கள்!' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே ஆயிரக்கணக்கில் கமெண்ட். பாய் வாசிக்க வாசிக்கக் கேட்டேன். எல்லாம் கும்பிடு போடுகிற கைகள், 'தெய்வமே', 'உங்கள் காலைத் தொட்டு வணங்குகிறேன் ஐயா'.

வாங்குகிறவன் சரக்கை இத்தனை புகழ்ந்தால் எனக்குப் பயம் வரும். கீழே போகச் சொன்னேன்.

போனால் இருந்தது. 'எந்த ஆளுங்க?' என்று ஒருவன் சாதி கேட்டிருந்தான். அதற்கு ஏழு பேர் ஏழு சாதி சொல்லியிருந்தார்கள். 'ஏழைக்கா போகும்? எல்லாம் பணக்காரனுக்குத்தான்.' 'கண்ணை எடுத்துட்டா அடுத்த பிறவியில் குருடாப் பிறப்பான், சாஸ்திரம் தெரியுமா?' 'எவ்வளவு கை மாறுச்சு?' இதற்கு முந்நூறு லைக். இன்னொன்று: 'அப்பன் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல பாருங்க. வெங்காயக்காரன்ல, பழகிப்போச்சு.' அதற்குச் சிரிக்கிற பொம்மைகள்.

நடுவில் ஒன்று யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 'டயாலிசிஸ் செய்துகொண்டு இரண்டு வருடமாகக் காத்திருக்கிறேன். உங்கள் மகனின் கிட்னி எனக்கு வரவில்லை. ஆனால் வரிசையில் ஓர் இடம் முன்னால் நகர்ந்திருப்பேன். நன்றி அப்பா.'

லைக் போடுவது எப்படி என்று பாயிடம் கேட்டு அதற்கு ஒன்று போட்டேன்.

ஜூலை 7, திங்கள்

சந்தை நாள். ஏலத்தை ஜமால் பாய் பார்த்துக்கொண்டார். நான் கமெண்ட் படித்தேன்.

ஜூலை 9, புதன்

யாரோ ஒரு பையன் காருக்குள் உட்கார்ந்துகொண்டு வீடியோ போட்டிருக்கிறான். 'மூளைச்சாவுன்னா என்ன தெரியுமா மக்களே? இதயம் துடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். உடம்பு சூடாத்தான் இருக்கும். அப்ப அது சாவா? யோசிங்க!' என்கிறான். யோகேஷ் படத்தை மூலையில் ஒட்டி வைத்திருக்கிறான். லட்சம் பேர் பார்த்தாயிற்று. 'பிள்ளை செத்து எட்டு நாள்ல கடையைத் திறந்துட்டான், என் சித்தப்பா நேர்ல பாத்தார்' என்று ஒருவன் அதில் சாட்சி வேறு சொல்லியிருக்கிறான். அந்தச் சித்தப்பா யாரென்று யோசித்தேன். என்னிடம் பெல்லாரி வெங்காயம் வாங்கிப் போனவர்களில் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

பேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மண்டி நொடித்துவிட்டது என்று புரளி கிளம்பினால், முதலாளி வாயைத் திறக்கமாட்டார். காலையில் குளித்து, சட்டை மாட்டி, கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்வார். சந்தேகம் உள்ளவன் வந்து பார்த்துக்கொள்ளட்டும். மதியத்துக்குள் புரளி செத்துவிடும். நானே இரண்டு தடவை அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

அதையே இங்கும் செய்தேன். செய்திப் பக்கத்திலும் அந்த வீடியோவிலும் ஒரே கமெண்ட்: 'நான்தான் யோகேஷின் அப்பா சோலைமலை. ஒரு பைசா வாங்கவில்லை, கேட்கவுமில்லை. சந்தேகம் இருப்பவர் நேரில் வரலாம். சோலைமலை வெங்காய மண்டி, திண்டுக்கல்.' கீழே போன் நம்பர்.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "மொதலாளி, இது பேட்டை இல்ல."

"ஆளுங்க நடமாடுற எடமெல்லாம் பேட்டைதான் பாய்."

ஜூலை 10, வியாழன்

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒருவரும் வரவில்லை. போன் மட்டும் ஓயாமல் அடித்தது. பாதிப் பேர் ஹலோ என்றதும் வைத்துவிட்டார்கள். ஒரு பெரியவர் ராமநாதபுரத்திலிருந்து அழுதார். அவரை நான் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று.

மத்தியானம் ஒரு பெண். ஈரோட்டுப் பக்கம், தறி ஓட்டுகிறவளாம்.

"அண்ணா, நீங்கதானே கிட்னி விசயமெல்லாம் பாக்குறது? நான் பி பாசிட்டிவ். முப்பத்தொரு வயசு. எவ்வளவு தருவீங்க?"

எனக்கு வந்த கோபத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "யாரு சொன்னா ஒனக்கு? அது குத்தம்மா, ஜெயிலுக்குப் போயிருவ. வித்துட்டு அப்புறம் தறியில நிக்க முடியுமா? இது என்ன வெங்காயமா?"

"வெங்காயமா இருந்தா அடுத்த போகம் வெளையுமேண்ணா. எனக்குத் தெரியாதா?"

வைத்துவிட்டாள். திருப்பிக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

ஜூலை 12, சனி

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. சாப்பாடு நூறு இலைக்கு மேல் விழுந்தது.

வீரணன் என்னை மாடிப்படிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "மச்சான், தப்பா நெனைக்காதீக. ஆஸ்பத்திரி பில்லயாவது கழிச்சுக்கிட்டாங்களா?"

"இல்ல."

"சும்மாவா குடுத்தீக?"

"தானம்னா வேற என்னய்யா?"

தலையை ஆட்டிக்கொண்டே போனார். அவர் நம்பவில்லை. நாற்பது வருஷம் என்னைத் தெரிந்தவர். முகம் தெரியாதவன் நம்பவில்லையென்று நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது நடந்தது. பஞ்சவர்ணம் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் போன். திடீரென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, அவன் கை சூடாத்தான இருந்துச்சு?"

போனை என் பக்கம் திருப்பினாள்.

"நாம ரெண்டு பேரும் சேந்து உசுரோட இருக்கிறவனத் தூக்கிக் குடுத்துட்டமா? இதுல சொல்றான் பாருங்க. எதயம் துடிக்குமாம். சூடு இருக்குமாம். இருந்துச்சேங்க. கடைசிவரைக்கும் இருந்துச்சே."

அந்தக் காருக்குள் உட்கார்ந்த பையன் என் வீட்டுக்கூடத்துக்கே வந்துவிட்டான். டாக்டர் எனக்குச் சொன்னதையெல்லாம் சொன்னேன். மெஷின் காற்றை அடிக்கிறது, ரத்தம் ஓடுகிறது, அதனால் சூடு. மெஷினைக் கொஞ்ச நேரம் எடுத்துப் பார்த்தார்கள், மூச்சே வரவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், ஆனால் உள்ளே போகவில்லை. விளங்குகிற மாதிரி சொல்லவேண்டும் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த தொழிலை வைத்துச் சொன்னேன்.

"வர்ணம், மூட்டைக்குள்ள கைய விட்டுப் பாக்குறோம். குளுந்து கெடந்தா நல்ல வெங்காயம். சூடா இருந்தா? உள்ள அழுகல் விழுந்திருச்சுன்னு அர்த்தம். சூடுன்னா உசுருன்னு யாரு சொன்னா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

"எம்புள்ள அழுகுன மூட்டையா?"

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் சொன்னதில் தப்பில்லை. பேட்டையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஜூலை 13, ஞாயிறு

பேசவில்லை.

ஜூலை 14, திங்கள்

சோறு வைக்கிறாள். குழம்பு ஊற்றுகிறாள். போதுமா என்று கேட்பதில்லை. நான் கையைக் காட்டினால் நிறுத்துகிறாள். பேட்டையில் சின்ன வெங்காயம் ஏறியிருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் கிடையாது, சமையல்காரர்கள் வெங்காயம் வாங்க வரமாட்டார்கள். பால்பாண்டி காலையிலிருந்து என் கடையில்தான் உட்கார்ந்திருந்தான்.

"தங்கச்சி எப்படிடா இருக்கு?"

"இருக்கா."

"நீ போயி மன்னிப்புக் கேளு."

"உண்மையச் சொன்னதுக்கு மன்னிப்பாடா?"

"அடேய், சொத்தை வெங்காயம்னு தெரிஞ்சும் வியாபாரிகிட்ட 'கொஞ்சம் ஈரம்'னுதான சொல்லுவ? பொண்டாட்டிகிட்ட மட்டும் எதுக்குடா இவ்வளவு நாணயம்?"

அவனை எழுந்து போகச் சொல்லிவிட்டேன். டீ குடித்துவிட்டுத்தான் போனான்.

சந்தேகம் உள்ளவர் ஒருவர்கூட இன்றுவரை நேரில் வரவில்லை. வாசல் நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டேன். சந்தேகம் இருந்த ஒரே ஆள் என் வீட்டுக்குள் இருக்கிறாள்; அவளுக்கு நான் வெங்காயக் கதை சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆஸ்பத்திரி மேடத்தை வீட்டுக்கு வந்து பேசச் சொல்லிக் கேட்டேன். வந்தார். பஞ்சவர்ணம் காபி கொடுத்தாள், மரியாதையாகக் கேட்டாள், "சரிங்கம்மா" என்றாள். அவர் கார் தெருமுனை திரும்புவதற்குள் போனை எடுத்து அந்த வீடியோவை மறுபடி போட்டுவிட்டாள்.

போனைப் பிடுங்கலாம். பிடுங்கினால் என்ன ஆகும்? பயந்துபோய் மறைக்கிறான் என்பாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

ஜூலை 24, வியாழன்

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆடி அமாவாசை. யோகேஷுக்குப் படையல் போட்டு, காக்கைக்கு வைத்துவிட்டு உள்ளே வந்தேன். போன் அடித்தது. புது நம்பர். பஞ்சவர்ணம் இலையை எடுத்துக்கொண்டிருந்தாள். ஈரக்கையோடு போனைக் காதில் வைக்கவேண்டாமென்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"சோலைமலை ஐயாங்களா? என் பேரு திலகராஜன். மன்னார்குடிங்க. பஸ் கண்டக்டர். உங்க நம்பர ஃபேஸ்புக்குல பாத்தேங்க."

"சொல்லுங்க."

"என் பொண்ணு, காவியா, காலேஜ் போயிட்டு இருந்துச்சுங்க. மூளையில ரத்தக்கசிவு. மூளைச்சாவுன்னு சொல்லிட்டாங்க. உறுப்பு தானம் பண்றீங்களான்னு கேக்குறாங்க. சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். என் சம்சாரம் மயக்கமாக் கெடக்குது. என் தம்பி உங்க செய்தியக் காட்டிக் குடுங்கறான். என் மச்சான் அதுக்குக் கீழ உள்ள கமெண்டக் காட்டிக் குடுக்காதங்கறான். ரெண்டு பேரும் ஒரே போனத்தான் காட்டுறாங்க."

வாய் தானாகத் திறந்தது. வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். காசு வாங்கவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை, மரியாதையாக நடத்தினார்கள்.

"அதெல்லாம் நம்புறேங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க ஐயா. எம்பொண்ணு கை சூடா இருக்குங்க. உங்க பையனுக்கும் கடைசியில கை சூடா இருந்துச்சுங்களா?"

நான் நின்றது கால்மாட்டில்.

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "ஐயா? லைன்ல இருக்கீங்களா?"

பஞ்சவர்ணம் இலையைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"தம்பி, நான் யோகேஷோட அம்மா பேசுறேன்."

"அக்கா..."

"சூடாத்தான்யா இருந்துச்சு."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்தது, அந்த ஆளையும் குழப்பிவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"தம்பி, அவன் கைக்குழந்தையா இருந்ததுலருந்து ஒரு பழக்கம். தூங்குறப்ப உள்ளங்கையில என் வெரல வச்சா மூடிக்கிடுவான். வளந்தும் அப்படித்தான். காலையில காபியோட எழுப்பப் போவேன். வெரலப் புடிச்சுக்கிட்டே 'இன்னும் அஞ்சு நிமிசம்மா'ம்பான். முழிச்சிருக்க மாட்டான், கை மட்டும் மூடும். ஆஸ்பத்திரியில நாலு நாளும் வச்சுப் பாத்தேன். வெரல் மாத்தி வெரல் வச்சேன். கை சூடா இருந்துச்சு. மூடல."

போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"சூட்ட மெசினு குடுத்திருச்சுய்யா. மூடுறத அவன்ல குடுக்கணும். அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இவன் போயிட்டான்னு. தெரிஞ்சுதான் தலையாட்டினேன். அப்புறம் இந்தப் போனப் படிச்சுப் படிச்சு, எனக்குத் தெரிஞ்சத நானே மறந்துட்டேன்."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம். இவள் அழவில்லை.

"குடுன்னும் சொல்லமாட்டேன், குடுக்காதன்னும் சொல்லமாட்டேன். ஒடம்பப் பத்தி டாக்டர்கிட்டக் கேளு, எத்தன தடவ வேணாலும் கேளு. புள்ளையப் பத்தி அது பக்கத்துல போயி உக்காந்து அதுகிட்டக் கேளு. ஒன் சம்சாரத்தத் தண்ணி தெளிச்சு எழுப்பிக் கூட்டிட்டுப் போ. அவளக் கேக்காம எதுவும் செய்யாத. போன்ல கேக்காதய்யா. போன்ல இருக்கிறவனுக்கு ஒன் புள்ளையத் தெரியாது."

"சரிக்கா."

"எது செஞ்சாலும் தப்பில்ல. போ."

போனை என் கையில் கொடுத்தாள். இலையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை. போயிருக்கலாம்.

ஜூலை 25, வெள்ளி

மன்னார்குடியிலிருந்து போன் வரவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் பஞ்சவர்ணம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மூன்று தடவை வெங்காய விலை கேட்டார்கள். ஒரு தடவை யாரோ திட்டினான்.

எனக்குள்ளேயும் ஒரு வியாபாரி உட்கார்ந்து கணக்குப் போட்டான். அந்த ஆள் கொடுத்துவிட்டால் நம்ம பக்கம் ஜெயித்த மாதிரி, மறுத்துவிட்டால் அந்தக் கார்ப் பையன் ஜெயித்த மாதிரி. அப்படியொரு நினைப்பு வந்ததை எழுதிவைக்கிறேன்.

ஜூலை 26, சனி

கடைக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். போன்.

"ஐயா, திலகராஜன். அக்கா இருக்காங்களா?"

என்னைக் கேட்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸ்பீக்கரை அவள் அணைக்கவில்லை.

"அக்கா, கையெழுத்துப் போட்டோம்க்கா. ரெண்டு பேரும் போய்ப் பக்கத்துல உக்காந்துட்டு வந்துதான் போட்டோம். ஆனா அதுக்குள்ள எதயம் நின்னுபோச்சுக்கா. இனிமே அதெல்லாம் எடுக்க முடியாதுன்னுட்டாங்க." அவர் குரல் தப்பு செய்துவிட்ட ஆளின் குரலாக இருந்தது. "கண்ணு மட்டும்தான்க்கா குடுக்க முடிஞ்சுது. மன்னிச்சுக்குங்க."

"மட்டும்னு சொல்லாதய்யா" என்றாள் பஞ்சவர்ணம்.

உடனே அடுத்ததைக் கேட்டாள்.

"சம்சாரம் சாப்பிட்டாளா?"

"இல்லக்கா."

"கஞ்சியாவது குடுய்யா. நீயும் குடி. அடக்கம் முடிஞ்சதும் யாரு வந்து என்ன சொன்னாலும் போனத் தொறந்து பாக்காத. ஒரு மாசம் போகட்டும். பேசணும்னா இங்க கூப்பிடு. அவளப் பேசச் சொல்லு."

வைத்துவிட்டாள். போன் அவள் கையிலேயே இருந்தது. நான் வாங்கக் கை நீட்டினேன். கடையில் ஆள் காத்திருப்பார்கள், இந்த நம்பரில்தான் துறையூர்க்காரர்கள் கூப்பிடுவார்கள். அவள் கொடுக்கவில்லை.

ஃபேஸ்புக்கில் போட்ட நம்பரை இன்றைக்கு எடுத்துவிடலாமென்று நேற்றே முடிவு செய்திருந்தேன். திட்டுகிறவன் தொல்லை, கிட்னி விற்கிறவர்கள் துயரம், வியாபாரத்துக்கு இடைஞ்சல். அதைச் சொல்லலாமென்று வாயெடுத்தேன்.

"நம்பர எடுத்துராதீங்க" என்றாள். "அந்தத் தறிக்காரப் பொண்ணு திரும்பக் கூப்பிட்டா எங்கிட்டக் குடுங்க."

அந்தப் பெண்ணைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. பாய் சொல்லியிருக்க வேண்டும்.

பதினாறாம் நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசுவது இதுதான் முதல் தடவை. நான் பேரம் பேசவில்லை. சரி என்றேன்.